மூச்சு வாங்காமல் கோயில் வாசலில் இறங்க: காவிரிக் கரையில் சைக்கிளையும் வழிபாட்டையும் சேர்த்துத் தொடங்குவோருக்கு

இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் கைவிட்டு, மூன்றாம் முறைதான் என்னால் இதைப் பழக்கமாக்க முடிந்தது. முதல் முறை முழங்கால் வலியால் ஐந்தாவது வாரத்தில் நின்றது. இரண்டாம் முறை ஒரு கோயில் வாசலில் சைக்கிள் திருட்டுப் போனது. கடை ரசீதும் சட்ட எண்ணும் (சைக்கிளின் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்) கையில் இல்லாததால் புகார் எழுதிக் கொடுப்பதற்கே மூன்று நாள் அலைய நேர்ந்து, அந்தச் சலிப்பிலேயே எல்லாம் நின்றுபோயிற்று. இப்போது நான்காவது ஆண்டாகத் திருவையாற்றிலிருந்து காலையில் புறப்பட்டு, ஒரு கோயிலில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வீடு திரும்புகிறேன். நான் பட்ட சிரமத்தை இன்னொருவரும் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் ஊரை நடுவாக வைத்துச் சொன்னாலும், மயிலாடுதுறையிலோ மன்னார்குடியிலோ இருப்பவருக்கும் இது பொருந்தும். நீங்கள் சென்று அமரும் இடம் நாகூர் தர்காவாக இருக்கலாம், வேளாங்கண்ணி மாதா கோயிலாக இருக்கலாம், ஊர் எல்லையில் உள்ள ஐயனார் கோயில் மரத்தடியாகவும் இருக்கலாம், முறை ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் இறங்கும்போது மூச்சு வாங்கக் கூடாது. மூச்சு இரைக்க உள்ளே போகிறவரால் சன்னதியில் நிற்க முடியுமே தவிர, அமர முடியாது; அவர் கண் மூடினால் கேட்பது தம் நெஞ்சின் துடிப்பு மட்டுமே. முதல் முறை நான் செய்தது அதுதான்: வேகமாக மிதித்து, அவசரமாகக் கும்பிட்டு, எத்தனை கோயில், எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன். உடம்பும் தேறவில்லை, மனமும் நிற்கவில்லை. கீழே சொல்லப்போகும் இருக்கை உயரம், டயர் காற்று, புறப்படும் நேரம், போகும் வழி எல்லாமே அந்த ஒரு விதிக்காகத்தான்.

1. முதலில் உடம்பை மருத்துவரிடம் காட்டுங்கள்

நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளவர்களும் இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வார்கள். நான் தனியார் பரிசோதனை நிலையத்தில் ஈ.சி.ஜி., மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க 1,100 ரூபாய் செலவழித்தேன். ஒரே காலையில் இரத்தம் கொடுத்து, மாலையில் அறிக்கையை வாங்கி, மறுநாள் மருத்துவரைப் பார்த்தால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்.

மருத்துவரிடம் பொதுவாக “உடற்பயிற்சி செய்யலாமா” என்று கேட்காதீர்கள். “காலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டலாமா, அன்றைக்கு மாத்திரையை எப்போது போடுவது” என்று கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வெறும் வயிற்றில் மிதிக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக் கூடும். கை நடுக்கம், குளிர் வியர்வை, திடீர்ப் பசி, தலைச் சுற்றல் ஆகியவை அதன் அடையாளங்கள். அத்தகையவர்கள் சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையாவது வைத்திருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில நாடித் துடிப்பை ஏறவிடாமல் வைத்திருக்கும். எனவே கைக்கடிகாரம் காட்டும் நாடி எண்ணை மட்டும் நம்பி வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். அதற்கு எளிய அளவுகோலை ஏழாம் படியில் சொல்கிறேன்.

2. சைக்கிளைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் முதலில் கியர் சைக்கிளைத்தான் காட்டுவார்கள். வாங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நம் பகுதி சமதரை. நாள்தோறும் ஏறவேண்டிய மேடு என்றால் ஆற்றுப் பாலங்களும் கரைமேல் ஏறும் சரிவுகளும் மட்டுமே. அவற்றை இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினாலும் ஒரு நிமிடம்தான் கூடும். கியர் அமைப்பில் சேறும் வைக்கோலும் சிக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடிக் கும்பகோணமோ தஞ்சாவூரோ போகவேண்டியிருக்கும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி நான்கும் உள்ள சாதாரண சைக்கிளைத் தெருமுனைக் கடைக்காரரே பிரித்துப் பூட்டிவிடுவார்.

வீட்டில் பிள்ளைக்குப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் கொடுத்த விலையில்லா சைக்கிள் சும்மா நின்றால் அதுவே போதும். ஈராண்டு நின்ற வண்டியானால் டியூப், டயர், பிரேக் கட்டை ஆகியவற்றை மாற்றி, அச்சுகளில் கிரீஸ் வைத்து, சக்கரத்துக்குக் கோட்டம் (வளைவு) எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் இதை ‘ஓவராயில்’ என்பார்கள். எனக்குத் தெரிந்தவருக்கு அதற்கு 1,300 ரூபாய் ஆயிற்று.

புதிதாக வாங்கும்போது நான் செய்த செலவு இது: சைக்கிள் 8,400, தலைக்கவசம் 950, முன்விளக்கும் பின்சிவப்பு விளக்கும் 600, பூட்டு 350, கைப்பம்பு 400, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் 120, ஆகமொத்தம் 10,820 ரூபாய். அதன்பின் மாதத்துக்கு 150 ரூபாய்க்கு மேல் ஆனதில்லை. முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்கள் மின்சைக்கிளை நாடலாம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருக்கிறதா என்பதைச் சான்றிதழில் பார்த்து வாங்குங்கள். அந்த வரம்பைத் தாண்டினால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படும்.

3. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

சாதாரண சைக்கிளுக்கு உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் வேண்டியதில்லை. அதனாலேயே நாம் எந்தத் தாளையும் வைத்துக்கொள்வதில்லை. நான் இழந்தது அந்த அசட்டையினால்தான்.

ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்று ஒரு கடையில் என்னிடம் சொன்னார்கள், நானும் இணங்கினேன். அன்று மிச்சமானது சில நூறு ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், இப்போது அந்த மிச்சமும் குறைவுதான். ரசீதில் உங்கள் பெயர், தேதி, சைக்கிளின் சட்ட எண் மூன்றும் இருக்கவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்திலேயே அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்து, ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். பிறகு எண்ணையும் முழுச் சைக்கிளையும் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். வண்டி காணாமற் போனால் இவற்றோடு அன்றே காவல் நிலையத்துக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது புகாராகாது.

அடுத்தது, உள்ளங்கை அளவிலான ஒரு அட்டை. பெயர், ஊர், இரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, வீட்டார் இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். விழுந்தவரைத் தூக்குபவர் பூட்டிய கைப்பேசியைத் திறக்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்தினர் அதன் நகலையும் ஆதார் நகலையும் இந்த அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். மூலத் தாள்களைச் சைக்கிளில் கொண்டுபோகாதீர்கள், வியர்வையிலும் மழையிலும் அழிந்துவிடும்.

4. இருக்கை உயரம், டயர் காற்று

என் முழங்கால் வலியின் காரணம் வயது என்றே முதலில் நினைத்தேன். உண்மையில் இருக்கை மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றவேண்டும் என்று எண்ணி நம்மில் பலரும் இருக்கையைத் தாழ்த்தியே வைத்துக்கொள்கிறோம். அப்படி ஓட்டும்போது முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் மிகையாக மடங்கி, தொடை எலும்புக்கும் முழங்கால் சில்லுக்கும் இடையே அழுத்தம் கூடுகிறது.

சரியான உயரத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சுவர் ஓரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி அமருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீளவேண்டும். இடுப்பு ஒருபக்கம் சாயக் கூடாது. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். அதுதான் உங்கள் உயரம். இறங்கும்போது இருக்கையிலிருந்து முன்னால் வந்து ஒரு காலை ஊன்றப் பழகவேண்டியிருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்ந்திருக்கிறது, பின்புறம் வலித்தால் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அரை விரற்கடை மாற்றிப் பாருங்கள்.

காற்றின் அளவு டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு மாலையில், காற்றடியுங்கள். குறைந்த காற்றோடு மிதித்தால் அதே தூரத்துக்கு அதிகம் மூச்சு வாங்கும்; வீல் கோட்டமாகி ரிம் பிரேக் கட்டையில் உரசினாலும் அப்படித்தான். உடம்பு சரியில்லையோ என்று அஞ்சுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

5. நேரம்

நம் பகுதியில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.50க்கும் 6.35க்கும் இடையில் உதிக்கிறது. புறப்படும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்து முடிவுசெய்யாமல், எதிரில் வருபவரின் முகம் தெரியும் வெளிச்சம் வந்தபின் புறப்படுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரம்ம முகூர்த்தத்திலேயே கிளம்பவேண்டும் என்ற ஆர்வத்தில் நானும் 4.30க்குக் கிளம்பியிருக்கிறேன். பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிறுத்தியிருந்த வைக்கோல் டிராக்டரில் மோதாமல் தப்பியது அன்றைய தெய்வச் செயல். அந்த நேரத்தில் வீட்டிலேயே விளக்கேற்றி அமர்ந்திருந்துவிட்டு, வெளுத்தபின் கிளம்புவதே முறை.

மார்கழி விதிவிலக்கு. கோயில்கள் விடியும் முன்பே திறந்துவிடும், ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும், போகத்தான் மனம் இழுக்கும். ஆனால் அதே நேரத்தில்தான் வயல்களிலிருந்து எழும் பனிமூட்டம் சாலையை மூடும். அந்த ஒரு மாதம் உள்ளூர்க் கோயிலுக்கு நடந்தே போங்கள். சைக்கிளைப் பனி விலகிய பிறகு எடுங்கள்.

பெரிய கோயில்கள் பெரும்பாலும் காலை 6 மணி வாக்கில் திறந்து நண்பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கும். சிற்றூர்க் கோயில்களில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. ஒரே குருக்கள் இரண்டு மூன்று கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் ஊர்கள் உண்டு. முதல் முறை போகும்போதே, “காலையிலே எத்தனை மணிக்கு நடை திறப்பீங்க, சாமி?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடை திறக்காவிட்டால் குறையொன்றுமில்லை. கோபுர வாசலில் அமர்வதும் அமர்வதே.

6. வழி

முதல் மாதத்துக்கு ஒரே வழி, ஒரே இடம். நாள்தோறும் புதுக் கோயில் தேடினால் கவனமெல்லாம் வழி விசாரிப்பதிலேயே போய்விடும். எனக்கு அமைந்தது, திருவையாற்றிலிருந்து கல்லணைச் சாலையில் மேற்கே இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தில்லைஸ்தானம். தேவாரத்தில் திருநெய்த்தானம் என்று வரும் ஊர் இதுதான். போக வர நான்கு கிலோமீட்டர் என்பது தொடங்குபவருக்குப் போதுமான தூரம். அடுத்த மாதத்தில் கிழக்கே கும்பகோணம் சாலையில் திருப்பழனம், அதற்கடுத்து அதே சாலையிலிருந்து பிரிந்து உள்ளே செல்லும் திங்களூர் என நீட்டிக்கொண்டேன். கும்பகோணம் சாலையில் பேருந்துகளின் வேகம் அதிகம். காலை ஏழு மணிக்குள் அதைவிட்டு இறங்கிவிடுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் பாருங்கள். நமக்கு மேடில்லை, காற்றே மேடு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துத் திரும்புவது மலையேறுவதற்குச் சமம். அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்த காற்று அது. அந்த மாதங்களில் போகும்போது மேற்கே போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வாருங்கள். வடகிழக்குப் பருவத்தில் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலையில் பருவத்துக்கொரு இடர் உண்டு. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தபின், ஆறும் வாய்க்காலும் நிரம்பி ஓடும் நாள்களில் படித்துறையின் கீழ்ப்படிகள் பாசி பிடித்திருக்கும். கால் கழுவக்கூட மேற்படியிலேயே நின்றுகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைமேல் போகும் மண்பாதை உதவாது. நம் வண்டல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டால் சைக்கிளைத் தோளில்தான் சுமக்கவேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து சாலையின் பாதியில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள். ஓர் உழவரின் நான்கு மாத உழைப்பு அது என்பது ஒன்று. உருளும் மணிகளின்மேல் பிரேக் பிடித்தால் சைக்கிள் வழுக்கிவிடும் என்பது மற்றொன்று. இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பத்து நாள் அப்படிச் செய்தால் அந்தத் தெருவில் உங்களுக்கு மோர் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். கோடையில் சீமைக்கருவேல விறகு ஏற்றிய வண்டிகள் போன வழியில் முள் சிந்திக்கிடக்கும். கைப்பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் அதற்குத்தான். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நின்றுவிடுங்கள். பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

7. மிதிக்கும்போது

வேகத்துக்கான அளவுகோல் இது: தொடர்ச்சியாகப் பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு உடம்பு உழைக்கவேண்டும். அதுவே மிதமான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் பரிந்துரைப்பது இந்த அளவு உழைப்பைத்தான். கோயில் நெருங்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் பாடவும் முடியும் என்ற நிலைக்கு வேகத்தைத் தணித்துக்கொள்ளுங்கள்.

காதில் கருவி மாட்டித் தேவாரம் கேட்டுக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன். நோக்கம் நல்லது, வழி தவறு. பின்னால் வரும் லாரியைக் காது சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, வலது பெடல் கீழே வரும்போதெல்லாம் ஐந்தெழுத்தையோ உங்களுக்கு உகந்த நாமத்தையோ மனத்துக்குள் சொல்லுங்கள். மிதிப்பும் நாமமும் சில நாளில் தாமாகவே இணைந்துவிடும். மூச்சை அடக்குவது, எண்ணி இழுப்பது போன்ற பிராணாயாமங்களைச் சைக்கிளின்மேல் செய்யவே கூடாது, தலை சுற்றும். மூக்கால் மட்டும் இயல்பாக மூச்சுவிட முடிகிறதா என்று பாருங்கள். வாய் திறந்துகொண்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கண் எப்போதும் சாலையில் இருக்கட்டும். நாமம் தவறினால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

8. கோயிலில்

சைக்கிளைச் சட்டத்தோடு சேர்த்து அசையாத ஏதேனும் ஒன்றில் பூட்டுங்கள். பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பினால் வண்டியை அப்படியே தூக்கிப் போய்விடுவார்கள். என்னுடையது அப்படித்தான் போனது. பூக்கடை அம்மாவிடமோ காலணி பார்த்துக்கொள்பவரிடமோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவது இரண்டாவது பூட்டு. அரைக்கால் சட்டையோடு ஓட்டுபவர்கள் ஒரு வேட்டியைக் கேரியரில் வைத்திருங்கள். கைகால் கழுவி, வியர்வையைத் துடைத்து, வேட்டியைச் சுற்றிக்கொள்ள மூன்று நிமிடம் போதும்.

உள்ளே நுழைந்தவுடன் சன்னதிக்கு ஓடாதீர்கள். மிதித்துக்கொண்டே இருந்த கால்கள் சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கித் தலை கிறுகிறுக்கும். உடனே சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தால் சிலருக்குக் கண் இருண்டுவிடும். வெளிப்பிராகாரத்தை மெல்ல ஒரு முறை வலம் வாருங்கள். வெறுங்காலால் கல் தரையில் ஐந்து நிமிடம் நடப்பது உடம்பைத் தணிக்கும் பயிற்சியும் ஆகிறது, வழிபாட்டின் தொடக்கமும் ஆகிறது. இரண்டும் ஒன்றேயாகிவிடும் இடம் இந்த முழுக் காலையிலும் இதுதான் என்பது என் அனுபவம். திருவையாறு ஐயாறப்பர் கோயிலில் கருவறையை ஒட்டி வலம் வரும் வழக்கமில்லை. இறைவனின் சடைமுடி பின்னே விரிந்து கிடப்பதாக ஐதிகம். அங்கே வெளிச்சுற்றில் நடந்துகொள்ளுங்கள்.

பிள்ளையார் சன்னதியில் தோப்புக்கரணம் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை. தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட எளிய பயிற்சியை நான் அறியேன். ஒன்பதில் தொடங்கி, வாரம் மூன்றாகக் கூட்டி, இருபத்தேழில் நிறுத்திக்கொண்டேன். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி மட்டும் அமர்ந்து எழுந்தால் போதும். கைக்கும் தோளுக்கும் வீட்டில் சுவரில் கைவைத்துத் தள்ளும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தரிசனம் முடிந்தபின் தூண் ஓரமாகக் கடிகாரம் பார்க்காமல் அமருங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கடப்பதே பெரிது. எனக்குப் பதினைந்து நிமிடம் அமர ஏழு மாதமாயிற்று. ஏதும் சொல்லவேண்டாம், கேட்கவேண்டாம். மிதிக்கும்போது ஓடிய நாமம் தானாக நிற்கும் வரை பார்த்திருங்கள். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் கல் தரை சுடத் தொடங்கும், அதற்குள் கிளம்பிவிடுங்கள்.

9. நோன்பு நாளும் விட்டுப்போன நாளும்

ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை என்று தண்ணீரும் அருந்தாமல் இருப்பவர்கள் அன்று சைக்கிளை எடுக்கவேண்டாம். பிரதோஷம் மாலை வேளையில் வருவதால், அன்று காலைப் பயணத்தை விட்டுவிட்டு மாலையில் உள்ளூர்க் கோயிலுக்கு நடந்து செல்லலாம். இருட்டியபின் சைக்கிளில் திரும்பும் நிலையை உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். பால், பழம் உண்டு இருக்கும் நோன்பானால் பாதித் தூரம் போதும். சாதாரண நாளில் கிளம்பும்முன் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு பூவன் பழமும், திரும்பியபின் நீராகாரமோ மோரோ எனக்கு ஒத்துக்கொள்கின்றன. சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், பின் நான்கு, மூன்றாம் மாதத்தில் ஐந்து நாள் என்று கூட்டுங்கள். ஏழு நாளும் வேண்டாம். முழங்காலுக்கு ஓய்வு தேவை. மழை கொட்டும் காலையில் போகமுடியாவிட்டால், புறப்பட்டிருக்க வேண்டிய அதே நேரத்தில் வீட்டில் விளக்கின் முன் அமருங்கள். நேரம் பிடிபட்டுவிட்டால் சைக்கிள் மறுநாள் தானே வரும். விட்டுப்போன கிலோமீட்டரை மறுநாள் சேர்த்து மிதிப்பது கூடவே கூடாது. என் முதல் முயற்சியைக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை ஏற்பட்டால் அந்த இடத்திலேயே இறங்கி அமர்ந்து 108க்கு அழையுங்கள். கோயில் இன்னும் அரைக் கிலோமீட்டர்தானே என்று மிதிக்காதீர்கள்.

10. ஆறு மாதத்துக்குப் பின்: ஏழூர்

நாள்தோறும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் சிரமமின்றிப் போய்வர முடிந்தபின் ஏழூர் சுற்றலாம். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஏழும் பாடல் பெற்ற தலங்கள். சித்திரையில் ஐயாறப்பரின் பல்லக்கு இந்த வரிசையில்தான் செல்கிறது. அந்தத் திருவிழா நாளில் சைக்கிளில் போகாதீர்கள். கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போகவும் இடமிருக்காது.

முதல் முறை வரிசையை அப்படியே பின்பற்ற முயன்று, ஆற்றுப் பாலங்களைத் தேடிச் சுற்றி, நண்பகல் வெயிலில் நடை சாத்திய கதவுகளின்முன் நின்றேன். இரண்டு ஞாயிற்றுக் கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு வடகரை மூன்று: நெய்த்தானம், ஐயாறு, பழனம். இரண்டாம் ஞாயிறு திருவையாற்றிலிருந்து காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து தெற்கே வந்தால் கண்டியூர். அங்கிருந்து மேற்கே பூந்துருத்தி போய்த் திரும்பி, பின் கிழக்கே வேதிகுடியும் சோற்றுத்துறையும். கண்டியூரில் சிவன் கோயிலுக்கு எதிரிலேயே திவ்ய தேசங்களுள் ஒன்றான பெருமாள் கோயிலும் இருப்பதால் அங்கே கூடுதலாக அரை மணி ஒதுக்குங்கள். கண்டியூர்ப் பாலங்களில் தஞ்சாவூர்ப் பேருந்துகள் நெருக்கமாக வரும். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு கடப்பதே நல்லது.

தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். தட்டில் போடச் சில்லறையாக நூறு ரூபாய், பஞ்சருக்கு நூறு ரூபாய் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டியூரை விட்டுக் கிழக்கே திரும்பியபின் பஞ்சர் கடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று நம்பவேண்டாம். தெற்குப் பாதி எனக்கு, ஒவ்வொரு கோயிலிலும் அமர்ந்த நேரத்தையும் சேர்த்து, நான்கரை மணி நேரம் பிடித்தது. ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குச் சோற்றுத்துறையில் இருப்பீர்கள். அங்கே நிழலில் அரை மணி இருந்து, வெயில் ஏறும்முன் வந்த வழியே திரும்புங்கள்.